அரும்பு, மொட்டு, மலர், பதிவேற்றம்

நம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்க வருகிறதா என்று இனி யாரும் கவலைப்பட வேண்டாம். வருகிறது. செயலியில் ஏற்றியாகிவிட்டது. ஒன்றியம் பார்த்துவிட்டது, மாவட்டம் பார்த்துவிட்டது, சென்னையில் குளிரூட்டிய அறையில் வண்ண வரைபடமாகச் சுவரில் ஓடவிட்டும் பார்த்துவிட்டார்கள். கோடு மேலே போகிறது. மேலே போகிற கோட்டைக் கண்ட பிறகும், ‘ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லலாமா?’ என்று கேட்கிறவன் எதிர்க்கட்சிக்காரனாக இருப்பான், இல்லாவிட்டால் விவரம் கெட்டவனாக இருப்பான். நான் இரண்டாவது ரகம்.

சுவரில் கோடு ஓடட்டும். தரையில் உட்கார்ந்திருக்கும் மூன்றாம் வகுப்பைப் பார்ப்போம். அங்கே ஒரு பிள்ளையின் தமிழ் நோட்டை விரித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். இரட்டைக் கோட்டுக்குள் முத்து முத்தான எழுத்து. மேலே தேதி, கிழமை. ஓரத்தில் அடிகோல் வைத்துப் போட்ட கோடு. கீழே ஆசிரியரின் சிவப்பு மைக் கையெழுத்து. பள்ளிப் பார்வைக்கு வந்த அலுவலர் புரட்டிப் பார்த்து மனம் குளிர்ந்து போயிருக்கிறார். இப்போது அந்தப் பிள்ளையை அருகில் அழைத்து, அது எழுதிய வரியிலேயே நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, ‘இது என்ன?’ என்று கேளுங்கள். பிள்ளை சொல்லைப் பார்க்காது, உங்கள் முகத்தைப் பார்க்கும். பிறகு வரியின் தொடக்கத்துக்குப் போய், மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வந்து, உங்கள் விரல் இருக்கும் இடத்தில் நிற்கப் பார்க்கும். ஒரு சொல் தள்ளிப்போய் நிற்கும்.

அது எழுதவில்லை, வரைந்திருக்கிறது. கரும்பலகையில் இருந்த உருவத்தை நோட்டில் உருவமாகவே இறக்கியிருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து நாள் தவறாமல் இப்படி வரைந்திருக்கிறது. இத்தனை உழைப்பைப் பிள்ளையிடமிருந்து வாங்கிக்கொண்டு, அதற்குக் கூலியாக ஒரு சொல்லைக்கூடக் கொடுக்காமல் விட்டிருக்கிறோம். கொத்தடிமை முறையை ஒழிக்க இந்த நாட்டில் சட்டம் உண்டு. பார்த்து எழுதும் வேலைக்கு அது பொருந்தாதாம்.

ஆசிரியருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். எந்தப் பிள்ளைக்கு வருகிறது, எந்தப் பிள்ளைக்கு வரவில்லை என்பதை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் யாரையும் கேட்காமல் அவர் விரல்விட்டுச் சொல்வார். ஆனால் ‘பார்த்து எழுதுங்கள்’ என்று சொன்னதும் வகுப்பில் ஓர் அமைதி விழும் பாருங்கள், ஐந்து வகுப்பை இரண்டு பேர் கட்டி மேய்க்கும் இடத்தில் அதற்கு ஈடான கற்றல் விளைவு எந்தப் பாடத்திட்டத்திலும் கிடையாது. அந்த அமைதியில்தான் அவர் கைப்பேசியை எடுத்துப் பதிவேற்றத் தொடங்குகிறார். சொந்தக் கைப்பேசி, சொந்த டேட்டா. சிக்னல் வேப்பமரத்தடியில்தான் கிடைக்கும். அவர் மரத்தடியில், பிள்ளைகள் கரும்பலகையடியில்.

தமிழ் படிக்கக் கற்பது எளிது என்று மேடையில் முழங்குகிறவர்கள் அதை அரை நூற்றாண்டுக்கு முன்னால் கற்றவர்கள். பட்ட பாடு மறந்துவிட்டது. 247 எழுத்து என்று மார்தட்டுகிறோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த எண் ஒரு மிரட்டல். உண்மையில் முப்பது சொச்சம் எழுத்தும் சில குறிகளும் கைவசமானால் பெரும்பகுதி வந்துவிடும். ஆனால் குறிகள் என்ன சாதுவாகவா இருக்கின்றன? துணைக்கால் வலப்பக்கம் நிற்கிறது, சரி. ஒற்றைக்கொம்பு இடப்பக்கம் போய் நிற்கிறது. ‘கெ’ என்னும்போது கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது ககரத்தை. ‘கொ’ என்றால் ஒரு பக்கம் கொம்பு, மறுபக்கம் கால், நடுவில் எழுத்து மாட்டிக்கொண்டு முழிக்கும். உகர வரிசைக்கு வந்தால் கு ஒரு தினுசு, சு ஒரு தினுசு, டு, து, மு ஒவ்வொன்றும் ஒரு தினுசு. இதெல்லாம் போக, கடலில் வரும் ககரமும் தங்கத்தில் வரும் ககரமும் பகலில் வரும் ககரமும் எழுத்தில் ஒன்று, ஒலியில் மூன்று. வீட்டில் ‘வந்துட்டான்’ என்கிற பிள்ளைக்குப் புத்தகத்தில் ‘வந்துவிட்டான்’. அம்மா ‘வூட்டாண்ட’ என்கிறாள், பாடம் ‘வீட்டின் அருகில்’ என்கிறது. மலைப்பகுதிப் பள்ளியில் இருளர் பிள்ளைக்கும், செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளைக்கும் தொலைவு இன்னும் அதிகம்.

இவ்வளவும் பிள்ளைக்குப் பிடிபடும். அதில் சந்தேகமே வேண்டாம். மூன்று வயதுக்குள் ஒரு மொழியையே எவரும் பாடம் நடத்தாமல் பேசப் பழகிவிட்ட மூளை அது. எளிய கோட்டுருவம் கொண்ட ட, ப, ம என்ற எழுத்துகளில் தொடங்கி, ‘படம்’, ‘பட்டம்’ என்று கூட்ட வைத்த வாத்தியார்கள் முட்டாள்கள் அல்ல. மூன்றே எழுத்தில் ஒரு பிள்ளை தானாக ஒரு சொல்லை உடைத்துத் திறந்துவிடும் என்று அவர்கள் கண்டுவைத்திருந்தார்கள். அதற்கு வேண்டியது மந்திரமல்ல. ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார வேண்டும். பிள்ளை எழுத்துக்கூட்டித் தட்டுத்தடுமாறுவதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். எங்கே தடுக்குகிறது, ரகரத்திலா, கொம்பிலா, மெய்யெழுத்திலா என்று கண்டுபிடித்து அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய வேண்டும். மறுநாளும் கேட்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். செயலியில் எல்லாம் இருக்கிறது, காது மட்டும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, தொடக்கப்பள்ளியில் அறுபது பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர் போதும் என்று அட்டவணை போட்டிருக்கிறது. தலையை எண்ணினார்கள், அந்தத் தலைகள் ஐந்து வகுப்பாக உட்கார்ந்திருக்கும் என்பதை எண்ணவில்லை. போகட்டும். ஆளுக்கு முப்பது பிள்ளை. ஐந்து நிமிடம் என்றால் நூற்றைம்பது நிமிடம், இரண்டரை மணி நேரம். ஒரு பள்ளி நாளில் இரண்டரை மணி நேரத்தை ஒதுக்கிவிடலாம் போலத்தான் தோன்றும். தோன்றும் அந்த இரண்டரை மணி நேரத்தைத் தின்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. அதன் பெயர் பள்ளிக் கல்வித் துறை.

காலையில் பிள்ளைகளின் வருகையைச் செயலியில் ஏற்ற வேண்டும். பிறகு தன் வருகையை. பிறகு சீருடை, காலணி, புத்தகப் பை யார் யாருக்குக் கொடுத்தோம், யார் கால் அளவு என்ன. ஆதாரில் தலைப்பெழுத்து தவறியிருந்தால் அதற்கு அலைய வேண்டும். உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். குடற்புழு மாத்திரை கொடுத்து, மீதி மாத்திரைக்குக் கணக்கு எழுத வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழு கூட்டம் போட்டு, போட்டதற்குப் புகைப்படம் எடுத்து ஏற்ற வேண்டும். குறுவள மையத்தில் பயிற்சி. பயிற்சிக்குப் போனதற்குப் பின்னூட்டம். பின்னூட்டம் தந்ததற்கு உறுதிப்படுத்தல். மாலை நாலு மணிக்கு வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி விழும்: ‘மிக மிக அவசரம், இன்று 5 மணிக்குள்.’ தொடக்கக் கல்வித் துறையில் அவசரமில்லாத வேலை ஒன்றே ஒன்றுதான். அதற்காக எந்த அலுவலரும் இரவில் தொலைபேசியில் அழைத்ததில்லை.

அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பத்தாண்டுக்கொரு முறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்று தவிர வேறு எந்தக் கல்வி சாராப் பணிக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. அழகான பிரிவு. பத்தாண்டில் ஒரு கணக்கெடுப்பு, எப்போதோ ஒரு புயல், ஐந்தாண்டில் இரண்டு மூன்று தேர்தல் என்று நினைத்தீர்களா? வாக்காளர் பட்டியல் என்பது ஆண்டு முழுக்க நடக்கும் திருவிழா. வாக்குச்சாவடி நிலை அலுவலராகப் போட்டால் சேர்த்தல், நீக்கல், திருத்தல் என்று தெருத்தெருவாக நடக்க வேண்டியதுதான். இந்த நாட்டில் பதினெட்டு வயதானவரின் பெயர் பட்டியலில் விடுபட்டால் அது ஜனநாயகத்துக்கு ஆபத்து. எட்டு வயதானவருக்குத் தன் பெயரை வாசிக்க வராவிட்டால் அது ‘கற்றல் இடைவெளி’.

எல்லாப் பள்ளியிலும் ஒரு மர பீரோ இருக்கும். திறந்தால் தமிழ்நாட்டுக் கல்விச் சிந்தனையின் வரலாற்றை அடுக்கடுக்காகத் தோண்டி எடுக்கலாம். கீழடிக்குப் போக வேண்டியதில்லை. அடியில் கிடப்பவை செயல்வழிக் கற்றல் அட்டைகள். ஆந்திரத்தின் ரிஷி வேலியில் கிராமத்துப் பிள்ளைகளுக்காகப் பொறுமையாக உருவாக்கிய முறை அது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணிப்படியில் ஏறும். ஆசிரியர் தரையில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பிள்ளை கவனிப்பார். கரும்பலகையைக்கூடப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறக்கினார்கள். நல்ல யோசனை. அது நல்ல யோசனை என்று தெரிந்ததுதான் வினை. 2007-இல் ஒரே மூச்சில் மாநிலம் முழுக்க ஆணையாகப் போட்டார்கள். பிள்ளை தன் வேகத்தில் போகலாம், மாநிலம் மட்டும் அரசாணையின் வேகத்தில் போக வேண்டும். சில ஆண்டுகளில் ஏணி மட்டும் சுவரில் நின்றது. எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது அதிகாரி வரும் நாளைப் பொறுத்து மாறியது.

அதற்கு மேலடுக்கில் 2012-இல் வந்த முப்பருவமும், தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டின் பதிவேடுகளும். பிள்ளையின் பாட்டு, ஆட்டம், படம், நற்பண்பு எல்லாவற்றுக்கும் மதிப்பெண். எழுதி எழுதி ஆசிரியர்களின் கையெழுத்து மேம்பட்டது. அதற்கு மேல் 2018 முதல் வந்த புதிய புத்தகங்கள். அச்சு அழகு, படம் அழகு, பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் குறியீடு. அப்பாவின் பட்டன் போனை அதன்மேல் வைத்துத் தேய்த்துப் பார்த்த பிள்ளைகள் உண்டு. அதற்கும் மேல், பெருந்தொற்று பள்ளிகளை மூடி வைத்திருந்த காலத்தின் முடிவில், 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு ஊர்ப் பெண்கள் மாலையில் திண்ணையிலும் கோயில் வாசலிலும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். இந்த அடுக்குகளிலேயே பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்தது அங்கேதான். அந்த ஆளுக்குத்தான் நாம் நாளொன்றுக்கு முப்பத்துமூன்று ரூபாய் விலை போட்டோம்.

உச்சியில் இருப்பது ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் தொடங்கி வைத்தார். 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட அத்தனை பிள்ளைகளும் பிழையின்றி எழுதப் படிக்க வேண்டும் என்பது இலக்கு. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்தார்கள். எந்த வகுப்பில் இருந்தாலும் பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து தொடங்குவது என்பது உண்மையிலேயே அறிவுள்ள ஏற்பாடு. அறிவுள்ள ஏற்பாட்டுக்கு அடுத்த வாரமே ஒரு செயலி வந்து சேரும் என்பது நம் ஊர் இயற்கை விதி. அரும்பில் எத்தனை, மொட்டில் எத்தனை என்று ஏற்ற வேண்டும். அடுத்த மதிப்பீட்டில் அரும்பு குறைந்து மலர் கூடியிருக்க வேண்டும். கூடாவிட்டால் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். எழுந்து நிற்க எந்த ஆசிரியருக்குப் பிடிக்கும்? எனவே பிள்ளைகள் மலர்ந்தார்கள். மாநிலம் முழுக்கப் பூத்துக் குலுங்கியது.

பூத்தது அசலா என்று அரசுக்கே ஐயம் வந்து, 2023-இல் பி.எட். மாணவர்களை அனுப்பிச் சோதித்தது. ஆசிரியர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. நேற்று வகுப்புக்கு வந்தவர்கள் எங்களை எடைபோடுவதா என்றார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் சங்கத் தலைவர்களே, இத்தனை ஆண்டுகளாக அந்தப் பொய்க் கணக்கை ஏற்ற மாட்டோம் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், போராடியிருக்கிறீர்களா? அகவிலைப்படிக்குச் சாலையில் உட்கார்ந்தீர்கள், ஓய்வூதியத்துக்கு உட்கார்ந்தீர்கள்; உட்கார வேண்டியதுதான். ‘எங்கள் மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு வாசிக்க வரவில்லை, எங்களை வகுப்பில் உட்கார விடுங்கள்’ என்று எழுதிய பதாகையை மட்டும் நான் இன்னும் பார்க்கவில்லை. எழுதினால் அது ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும் என்ற அச்சம் புரிகிறது. அச்சத்தின் செலவைப் பிள்ளை கட்டுகிறது.

2025 வந்தது. இலக்கை எட்டிவிட்டோம் என்று பார்த்தால், ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்புவரை அடிப்படை எழுத்தும் வாசிப்பும் கணக்கும் வராத பிள்ளைகளுக்குத் ‘திறன்’ என்று இன்னொரு திட்டம் அதே ஆண்டில் வந்தது. 2022-இல் மூன்றாம் வகுப்பில் எண்ணும் எழுத்தும் படித்த பிள்ளை 2025-இல் எந்த வகுப்பில் இருக்கும் என்று கணக்குப் போடுங்கள். ஆறாம் வகுப்பில். மலர்ந்து முடித்த பிள்ளையை மறுபடி விதையிலிருந்து தொடங்குகிறார்கள். பழைய வரைபடத்தைப் போட்டவர்களுக்கு விளக்கம் கேட்டு யாரும் கடிதம் அனுப்பவில்லை.

இடையில் நூறு நாளில் நூறு விழுக்காடு வாசிப்பு என்று ஒரு சவாலும் நடந்தது. பிள்ளைகள் விருந்தினர் முன் வாசித்துக் காட்டினார்கள். வாசித்த பிள்ளைகளுக்குக் கைதட்டல், நன்று. அந்தப் பள்ளிகளில் உழைத்த ஆசிரியர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நூறு நாளில் முடியக்கூடிய காரியம் ஐந்து ஆண்டில், ஆண்டுக்கு இருநூறு நாள் வீதம் ஆயிரம் நாளில், ஏன் முடியவில்லை என்று கேட்க அந்தப் பந்தலில் ஒருவருக்கும் தோன்றவில்லையே.

இனி ‘ஆசர்’ கதை. 2005 முதல் நடக்கும் ஆய்வு. தன்னார்வலர் ஒருவர் கிராமத்தில் வீட்டுக்குப் போவார். கையில் ஓர் அட்டை: சில எழுத்துகள், சில சொற்கள், ஒன்றாம் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு கதை. பிள்ளையை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பார். அவ்வளவுதான் ஆய்வு. தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-இல் நூற்றுக்குப் பத்துப் பேர். பெருந்தொற்றுக்குப் பின் 2022-இல் ஐந்து பேர்கூட இல்லை. அப்போது நாட்டுச் சராசரி இருபது. 2024-இல் ஏறியது, ஏறியும் நாட்டுச் சராசரிக்குக் கீழேதான் நின்றது. மொத்தச் சேர்க்கை விகிதத்தில் இந்தியாவுக்கே வழிகாட்டுகிறோம் என்று உயர்கல்வி மேடையில் மார்தட்டும் மாநிலம் இது. கல்லூரி வாசலில் நாம் முதல். அரிச்சுவடி வாசலில் வரிசையில் எங்கே நிற்கிறோம் என்று கேட்டால் ஆய்வின் முறையியலில் கோளாறு.

முறையியலைப் பற்றிப் பேசலாம், தவறில்லை. ஆட்சியில் இருக்கும்போது ஆசரின் மாதிரி அளவில் ஓட்டை கண்டுபிடிப்பதும், எதிர்வரிசைக்குப் போனதும் அதே ஆசரை மேசையில் தட்டிப் பேசுவதும் இரு தரப்புக்கும் கைவந்த கலை. எனக்கு உறைப்பது வேறு. முன்பின் தெரியாத ஒரு தன்னார்வலர், அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அது வாசிப்பதைக் கேட்டிருக்கிறார். பல பிள்ளைகளுக்கு, அந்த ஆண்டில் அப்படி ஒருவர் கேட்டது அந்த ஒரு முறையாகக்கூட இருந்திருக்கும்.

தில்லிக்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். 2021 ஜூலையில் நிபுண் பாரத் என்று ஒன்றை அறிவித்து, 2026-27-க்குள் நாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் வாசிக்க வைப்போம் என்றவர்கள் நீங்கள். வைக்கிற லட்சணத்தைப் பார்த்தோம். பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்குச் சேர வேண்டிய ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதி 2,152 கோடி ரூபாயைப் பிடித்து வைத்தீர்கள். கையெழுத்துப் போடத் தெரியாத பிள்ளைகளின் பணத்தை, கையெழுத்துப் போட மறுத்த அரசைத் தண்டிப்பதற்காக நிறுத்தினீர்கள். மூன்றாவது மொழியாக எதைத் திணிப்பது என்று அங்கே ஒரு கூட்டம் யோசிக்கிறது, இரண்டே மொழிதான் என்று இங்கே ஒரு கூட்டம் கூடுகிறது. நான் இரண்டு மொழிக் கட்சி, அதில் ஒளிவுமறைவில்லை. ஆனால் நடுவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இன்னும் முதல் மொழியே கைக்கு வரவில்லை என்ற சங்கதியை மேடையிலேறிச் சொல்ல இரு பக்கத்திலும் ஆளில்லை. அதைச் சொன்னால் எந்தப் பக்கமும் ஓட்டு விழாது.

ஆசிரியருக்கு நாம் வைத்திருக்கும் மரியாதையும் இந்தக் கணக்கில் சேரும். 2009 மே 31-க்குள் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்றும், ஜூன் 1-ஆம் தேதி சேர்ந்தவருக்கு 5,200 என்றும் நிர்ணயித்தார்கள். ஒரே படிப்பு, ஒரே வேலை, ஓர் இரவு வித்தியாசம். அந்த இரவின் விலையைப் பதினைந்து ஆண்டுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கும் கீழே இறங்கலாம். 2019-இல் அங்கன்வாடி வளாகங்களில் 2,381 இடங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். பிறகு அதை மூடப் பார்த்தார்கள், கூச்சல் எழுந்ததும் மூடவில்லை. அங்கே சொல்லிக்கொடுக்கத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதம் ஐயாயிரம் ரூபாய். மொழி ஒரு பிள்ளையின் காதுக்குள் இறங்கும் வயது அது, எழுத்துக்கு அடித்தளம் விழும் வயது. அந்த வயதைப் பார்த்துக்கொள்கிறவருக்குக் கட்டட வேலையில் சித்தாளுக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை.

அரசுப் பள்ளியைத் திட்டி முடித்துவிட்டான், நல்லவேளை நாம் தப்பித்தோம் என்று தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்டிய நடுத்தர வர்க்கம் பெருமூச்சு விட வேண்டாம். மூன்றரை வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து, நாலு கோட்டு நோட்டில் கர்சிவ் எழுத்தில் ‘ஏ’ ஒரு பக்கம், ‘பி’ ஒரு பக்கம் என்று வாங்குகிறவர்கள் நீங்கள். அந்த விரல்களின் எலும்பு இன்னும் முழுதாக முற்றவே இல்லை. பிள்ளை அழுதுகொண்டே எழுதுவதை அம்மா கைபிடித்து முடித்துத் தருகிறாள். ‘ஸ்டார்’ அவளுக்கு. ஆங்கிலத்தை ஒப்பிக்கிறது, பொருள் கேட்டால் முழிக்கிறது. தமிழைக் கேட்டாலோ, ‘என் பையனுக்குத் தமிழ் படிக்க வராது’ என்று தாய் சொல்கிறாள், வெட்கப்பட்டு அல்ல, ஒரு தகுதிச் சான்றிதழை எடுத்து நீட்டுகிற தோரணையில். அரசுப் பள்ளிப் பிள்ளை ஒரு மொழியை வரைகிறது, உங்கள் பிள்ளை இரண்டு மொழியை வரைகிறது. மாதம் நாலாயிரம் ரூபாய்க்கு அந்த வித்தியாசம் இருக்கத்தானே வேண்டும்.

இந்தச் சூழலிலும் வாசிக்கக் கற்றுத்தரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஒன்றியத்திலும் ஒருவர் இருவர் இருப்பார்கள். அப்படி ஒருவரின் வகுப்பில் துணைக்கருவிக் கண்காட்சி இருக்காது. மண் தரையில் குச்சியால் எழுதிக் காட்டியிருப்பார், பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பிள்ளைகள் சொன்ன கதையைப் பிள்ளைகள் சொன்ன பேச்சிலேயே எழுதித் தொங்கவிட்டிருப்பார். ‘எங்க ஆயா மீன் வாங்கியாந்துச்சு’ என்று அதில் எழுதியிருக்கும். தன் வாயிலிருந்து வந்த சொல் தாளில் நிற்பதைப் பார்த்த பிள்ளை அதை விரல்வைத்து வாசிக்கும். பிறகுதான் ‘வாங்கி வந்தார்’ வரும். அதற்கு அவசரமில்லை. ஐந்து நிமிடம் பத்து நிமிடம் என்று ஒவ்வொருவரையும் பக்கத்தில் இருத்திக் கேட்டு, பதிவேற்றத்தை வீட்டுக்குப் போய் இரவு பத்து மணிக்கு முடிப்பார். ஒன்றிய அளவிலான கூட்டத்தில் தாமதப் பதிவேற்றப் பட்டியல் என்று ஒன்றை வாசிப்பார்கள். அவர் பள்ளியின் பெயர் அதில் தவறாமல் வரும்.

இந்தப் பட்டியலை வாசிக்கிற அலுவலரின் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று கேட்பது தனிமனிதத் தாக்குதல் என்கிறார்கள். சரி, கேட்கவில்லை. சட்டமன்ற உறுப்பினரின் பேரப்பிள்ளையைப் பற்றியும் கேட்கவில்லை. அதே பள்ளியின் ஆசிரியர் தம் பிள்ளையை எங்கே அனுப்புகிறார் என்றும் கேட்கவில்லை. காலை எட்டு மணிக்கு ஊருக்குள் வரும் மஞ்சள் வேன் யாரையும் கேட்காமலே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்த வேனைப் பார்த்துக் கூலிக்குப் போகும் தாயும் முடிவெடுக்கிறாள். அவளுக்கு ஆசர் தெரியாது, செயலி தெரியாது; மூன்றாம் வகுப்புப் பிள்ளை ரேஷன் கடைப் பலகையை வாசிக்கவில்லை என்பது தெரியும். கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறாள். அறுபது பிள்ளை நாற்பதாகிறது, பதினெட்டாகிறது. வாசிப்பு வராதபோது அசையாத துறை, எண்ணிக்கை குறைந்ததும் துள்ளி எழுகிறது. உபரி ஆசிரியர், பணி நிரவல் என்று கோப்பு ஓடத் தொடங்கும். சட்டப்படி இரண்டு பேர் இருக்க வேண்டுமே என்றால், இருக்கிறார்களே, காகிதத்தில் இருவரும் இருக்கிறார்கள். ஒருவர் மாற்றுப் பணியில் பக்கத்து ஊர்ப் பள்ளியில் இருக்கிறார். மிச்சமிருப்பவர் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் வீதம் ஒதுக்கினால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் பிள்ளை குறைந்தால் ஆசிரியர் குறைவார், படிவம் குறையாது. ஐந்து வகுப்புக்கும் ஐந்து பாடக்குறிப்பு, ஐந்து மதிப்பீடு, ஐந்து பதிவு, எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். கல்வியாண்டு முடிவில் அவருக்கு ஒரு குறிப்பாணை வரும். சேர்க்கை குறைந்ததற்குக் காரணம் என்ன, மூன்று நாளுக்குள் எழுத்துப்பூர்வமாக விளக்கவும். விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் ஒழுங்கு நடவடிக்கை, 17(அ).